பல வருடம் நின்ற டீசல் டிராக்டர்: பம்ப் வரை டீசல் வருகிறது, இன்ஜெக்டருக்கு வரவில்லை

வணக்கம். அப்பா உழுத மூன்று சிலிண்டர் டிராக்டர் பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதை மறுபடி ஓட வைத்தே ஆக வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன்.

இன்ஜின் ஜாம் ஆகவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஊறவிட்டு, கையால் சுற்றினேன், நன்றாகவே சுற்றுகிறது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. டேங்கில் இருந்த டீசல் பிசின் மாதிரி கெட்டியாகியிருந்தது. டேங்கைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, புது டீசல் ஊற்றியாகிவிட்டது.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். டீசல் லைனில் இருந்த ஏரை (காற்றை) வெளியேற்றியபின் பம்பின் ப்ளீடிங் ஸ்க்ரூவில் (காற்றை வெளியேற்றும் திருகில்) குமிழி இல்லாமல் டீசல் வருகிறது. ஆனால் இன்ஜெக்டர் பக்கம் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து ஸ்டார்ட்டர் அடித்தால் மூன்றிலும் ஒரு சொட்டுகூட இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் வரவில்லை. பேட்டரி புதுசு, இன்ஜின் வேகமாகவே சுற்றுகிறது. ஸ்டாப் லீவரும் ஓடும் நிலையில்தான் இருக்கிறது.

இது இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளும் பகுதி தனித்தனியாக, ஒரே வரிசையில் இருக்கும்). மூன்று லைனும் ஒன்றாக அடைத்திருக்க வாய்ப்புக் குறைவு. பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ராக்தான் டீசலை நிறுத்தும் நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். பக்க மூடியைத் திறந்து, டீசலில் ஊறவிட்டு, ராக்கை மெதுவாக நகர்த்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டீசல் அளவு செட்டிங் கெடாமல் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது? ராக் முழு டீசல் நிலையில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் கட்டுப்பாடு இல்லாமல் ஓடும் என்பதால், காற்று வரும் வழியை மூட ஒரு பலகையைத் தயாராக வைத்திருக்கிறேன்.

நேராகப் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு (பம்பைச் சோதித்து செட் செய்யும் மெஷினுக்கு) கொண்டுபோவதுதான் சரி என்றால் அதையும் சொல்லுங்கள்.