நான் தப்பாகப் புரிந்துகொண்டதைத்தான் 14 வருஷமாக நடத்தினேனா? அறிவியல், கணக்கு ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி

குளச்சல் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். 14 வருஷம் ஆகிறது. போன வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பில் நிழல் பற்றிப் பேச்சு வந்தது. "நடுப்பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும், நிழல் காலடிக்குள் போய்விடும்" என்று வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னேன். சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு பிள்ளை வாசலில் நின்று, "டீச்சர், கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்கே" என்றாள். எட்டிப் பார்த்தேன். வடக்கே, வேலிப் பக்கமாக நல்ல நீளத்துக்கு விழுந்து கிடந்தது. "கம்பம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சோறு இறங்கவில்லை. கம்பம் சாயவில்லை என்பது எனக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள், ஜனவரி 20, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கினோம். சிமென்ட் தரையில் ஒரு மீட்டர் அளவுகோலை நான்கு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, குண்டு நூலோடு ஒட்டிப் பார்த்து நேராக்கினோம். 11.45 முதல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி. முதல் புள்ளி 59 செ.மீ., 12 மணிக்கு 57. "இன்னும் குறையுது டீச்சர், நிறுத்தாதீங்க" என்று பிள்ளைகள் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். 12.30ஐ ஒட்டி 54க்கு வந்தது. அப்புறம் மெல்ல நீள ஆரம்பித்தது. 54 செ.மீ. என்பது அளவுகோலில் பாதிக்கு மேல். இதையா நான் காலடிக்குள் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் மாவட்டம் பூமத்தியரேகைக்கு வடக்கே 8 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஜனவரி 20இல் சூரியன் அந்த ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில். ஆக, உச்சியிலிருந்து 28 டிகிரி தெற்கே தள்ளித்தான் நிற்கும். நேர் மேலே வருவது வருஷத்தில் இரண்டே தடவை: ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒன்று, செப்டம்பர் 1, 2 வாக்கில் ஒன்று. அதுவும் 12 மணிக்கு இல்லை, 12.20ஐ ஒட்டி. நம் கடிகாரம் 82½ டிகிரித் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பது 77¼ டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிஷம் வீதம் 21 நிமிஷம் பிந்துகிறோம். ஜனவரியில் இன்னும் ஒரு பத்து நிமிஷம் தள்ளிப்போகும்.

இது ஒன்றும் எனக்குத் தெரியாத பாடம் இல்லை. 23½ டிகிரிச் சாய்வு, கடகரேகை, மகரரேகை எல்லாம் நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் அது பரீட்சைக்கான பாடமாக ஒரு பக்கம் இருந்தது. "12 மணிக்கு உச்சி வெயில்" என்பது சின்ன வயசில் மனதில் விழுந்த படமாக இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டும் ஒருநாளும் சந்திக்கவே இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறு. எங்கள் பள்ளியில் பொருளுக்குக் குறைவில்லை. உலக உருண்டை இருக்கிறது. ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் பண்ணினால் வீடியோ வரும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, என் தலையில் இருந்த தப்பான படத்தைத்தான் இன்னும் பளிச்சென்று காட்டியிருக்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு பாடத்தைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் எண்ணம் தப்பாகவோ அரைகுறையாகவோ இருந்தது என்று உங்களுக்கு எப்போது, எப்படித் தெரிந்தது? தெரிந்த பிறகு, கையில் இருக்கும் கிட், புத்தகம், போர்டு இவற்றை நீங்கள் பயன்படுத்தும் விதம் மாறியதா? தயவுசெய்து உங்கள் வகுப்பில் நடந்ததையே சொல்லுங்கள். பொதுவான அறிவுரை எனக்கு இப்போது உதவாது.

ரப்பர்காட்டுக் கணக்கு

டீச்சர், எனக்கும் இதே மாதிரி ஒரு நாள் வந்தது. குலசேகரம் பக்கம் கணக்கு எடுக்கிறேன்.

பின்ன வகுத்தலை "தலைகீழாக்கிப் பெருக்கு" என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். நானும் அப்படியே சொல்லித்தந்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. கணக்கு என்றால் விதி, விதி தெரிந்தால் விடை வரும். என் எண்ணம் அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டில் ரப்பர்பால் வெட்டு. பாலில் தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி, டிஷ்ஷில் உறைய வைத்து ஷீட் அடிப்பார்கள். சரியாகக் கலந்தால் 4 லிட்டரில் அரைக் கிலோ ரப்பர் இருக்கும். ஒரு டிஷ், ஒரு ஷீட். அதனால் ஒருநாள் இப்படிக் கேட்டேன்: "1¾ கிலோ ரப்பர் இருக்கு, ஷீட்டுக்கு அரைக் கிலோ, எத்தனை ஷீட்?" விதிப்படி செய்த பிள்ளைகள் 3½ என்றார்கள். வீட்டில் ஷீட் அடித்துப் பழகிய ஒரு பையன் மட்டும், "மூணு ஷீட், மிச்சம் கால் கிலோ சார். அரைன்னு எப்படி வரும்? மூணேகால்தானே வரணும்?" என்றான்.

நான் போர்டைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். 1¾இல் 1½ போனால் மிச்சம் கால்தான். விடை 3½. இரண்டும் சரி. எப்படி இரண்டும் சரியாகும் என்று அந்த நிமிஷம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது: மிச்சம் கால் கிலோ, ஆனால் அது ஒரு ஷீட்டில் பாதி. அளக்கும் அலகு கிலோவிலிருந்து ஷீட்டுக்கு மாறிவிட்டது. வகுத்தல் என்பதே "இதை அலகாக வைத்தால் எத்தனை?" என்ற கேள்விதான். ஒரு கிலோவில் இரண்டு ஷீட், அதனால்தான் 2ஆல் பெருக்குகிறோம். விதி அங்கேயிருந்து வருகிறது.

கணக்குக் கிட்டில் பின்னப் பட்டைகள் வருமே, அவற்றை அதுவரை ½, ⅓ என்று தூக்கிக் காட்டி அடையாளம் சொல்லத்தான் எடுத்திருக்கிறேன். இப்போது ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அளக்கச் சொல்கிறேன். பட்டை அதேதான்.

முட்டம் அலை

நான் தொடக்கப்பள்ளி, எண்ணும் எழுத்தும் வகுப்பு. நீங்கள் இருவரும் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் கிட் பெட்டி பூட்டித்தான் இருந்தது. காரணம் ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒரு காந்தம் காணாமல் போனாலும் பொறுப்பு என் பெயரில். முதல் வருஷம் ஆய்வுக்கு வந்தபோது பெட்டியில் நான்கு மணிகள் குறைந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்குப் பாடம் தெளிவாகத்தான் தெரிந்திருந்தது; பயம்தான் காரணம்.

இப்போது இருக்கும் தலைமையாசிரியர், "உடைந்தால் உடைந்தது என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அன்றிலிருந்து பெட்டி வகுப்பின் நடுவில் இருக்கிறது. கூடவே புளியங்கொட்டையும் சிப்பியும். அவற்றுக்கு ரிஜிஸ்டர் கிடையாது.

நாகர்கோவில் வாத்தியார் (ஓய்வு)

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 33 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான்.

கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று நண்பகலில், அஸ்தி வைத்த இடத்தில் சூரியக் கதிர் விழும்படி கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பலதடவை கூட்டிப்போயிருக்கிறேன். "பாருங்கள், எவ்வளவு அற்புதம்" என்று காட்டிவிட்டு, கடலை வாங்கிக் கொடுத்துத் திரும்பியிருக்கிறேன். அன்றைக்குச் சூரியன் நேர் மேலே இருக்காது, உச்சிக்குத் தெற்கே 11, 12 டிகிரி தள்ளி நிற்கும், கதிர் சாய்வாகத்தான் இறங்க முடியும் என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. நானே யோசித்தது ஓய்வுபெற்ற பிறகுதான். இன்னொன்று: மார்ச் 11, 12 வாக்கில் சூரியன் திரும்பி வரும்போது நண்பகலில் அதே உயரத்தில் நிற்கும். அப்போதும் கதிர் அங்கே விழ வேண்டுமே! இதை ஒரு கேள்வியாக வகுப்பில் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அத்தனை பெரிய ஆய்வுக்கூடம் நம் மாவட்டத்தில் நிற்கிறது. எனக்கு அது சுற்றுலா இடமாகத்தான் தெரிந்தது.

1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியருக்குப் பாடஅறிவு வேறு, பொதுவான கற்பிக்கும் திறமை வேறு, இவை போக ஒரு குறிப்பிட்ட பாடத்தைக் குறிப்பிட்ட பிள்ளைக்குப் புரியவைக்கும் அறிவு மூன்றாவதாக ஒன்று என்று எழுதினார். எந்த உதாரணம் பிடிபடும், எந்த இடத்தில் பிள்ளை சறுக்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ரப்பர் ஷீட் கணக்குச் சொன்ன சாருக்கு பஸ்ஸில் கிடைத்தது அதுதான். அதை எந்தப் பெட்டியிலும் போட்டு அனுப்ப முடியாது.

ஆனால் முட்டத்து டீச்சர் சொல்வதையும் லேசாக விட்டுவிடாதீர்கள். 40 பிள்ளைகள், 40 நிமிஷம், நடுவில் ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று ஓடும் ஆசிரியருக்குத் தன் எண்ணத்தை எடுத்துப் பார்க்க நேரம் எங்கே? உங்களுக்கு ஒரு பிள்ளை வாசலில் நின்று கேட்டாள். நீங்கள் மறுநாள் தூக்குக்குண்டோடு வந்தீர்கள். அதற்கு ஒரு மதிய இடைவேளை முழுக்கப் போயிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

குளச்சல் டீச்சர்

மூன்று பேருக்கும் நன்றி. சார், மார்ச் 11 விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைத்தால் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நேற்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கு டீச்சரை வகுப்புக்குக் கூப்பிட்டேன். 100 செ.மீ. கம்பையும் 54 செ.மீ. நிழலையும் பத்தில் ஒரு பங்காக நோட்டில் வரையச் சொன்னார். பாகைமானி வைத்து அளந்தார்கள். 27, 28, 29 என்று வந்தது. ஒருவன் மட்டும் 62 என்றான், அவன் அளந்தது கீழ்க்கோணம். அதையும் விடாமல், 62ஐயும் 28ஐயும் கூட்டச் சொன்னார் டீச்சர். வகுப்பே ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. பிறகு உலக உருண்டையை எடுத்தேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிள்ளைகள்தான் கிழித்தார்கள். குளச்சல் இருக்கும் இடத்தில் பசையால் ஒரு தீக்குச்சியை ஒட்டி, டார்ச் அடித்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தோம்.

கொடிக்கம்பத்தைக் காட்டிய பிள்ளை டார்ச்சை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நிழல் மறைந்து, அப்புறம் தெற்குப் பக்கம் எட்டிப் பார்த்தது. "அப்போ ஜூன்ல நம்ம கொடிக்கம்பத்து நிழல் தெக்கே விழுமா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பள்ளி திறந்ததும் நீயே பார்த்துச் சொல்லு என்றேன்.

சாக்பீஸ் புள்ளிகள் அழிந்துவிடும் என்பதால் இன்று காலை பெயிண்டில் போட்டுவிட்டோம், கூடவே தேதியும் நேரமும். கணக்கு சார், ஷீட் கணக்கை எங்கள் டீச்சரும் கேட்கிறார். அந்தப் பையன் மிச்சக் கால் கிலோவைப் பற்றி மறுநாள் என்ன சொன்னான், அதையும் எழுதுங்கள்.