ஃபிளைட் சிமுலேட்டருக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? எங்கள் அனுபவங்கள்

விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் கம்ப்யூட்டருக்கு முதுகு ஒடிகிற வேலை வருவது, தரையிறங்கும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். 35,000 அடி உயரத்தில் மேகத்தையும் வானத்தையும் தவிர வரைந்து காட்ட ஒன்றும் இல்லை. சுமாரான மெஷின்கூட அதைச் சமாளித்துவிடும். கீழே இறங்க ஆரம்பித்ததும் ஊர் வருகிறது, கட்டடங்கள் வருகின்றன, விமான நிலையத்தில் நிற்கும் மற்ற விமானங்கள் வருகின்றன. காக்பிட் திரைகளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சரியாக அந்த நேரம் பார்த்து ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு) விழுந்தால், ஓடுபாதைக்கு முப்பது அடி மேலே மூக்கை எவ்வளவு தூக்கினோம் என்பதே கைக்குத் தெரியாது. லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மற்ற கேம்களை அரை மணி ஆடிவிட்டு எழுந்துவிடலாம். சென்னையிலிருந்து மும்பைக்கு ஏ320 பயணிகள் விமானத்தில் போனால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். லேப்டாப் அவ்வளவு நேரமும் சூடேறிக்கொண்டே வருகிறது. அதன் சூடு உச்சத்தில் இருக்கும்போது, வேலையும் உச்சத்துக்குப் போகிறது. விமர்சன வீடியோக்களில் காட்டும் ஃப்ரேம் எண்கள் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில் எடுத்தவை. நமக்கு வேண்டியது இரண்டாவது மணி நேரத்தின் எண்.

நான் ரொம்ப நாள் ஓட்டியது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு லேப்டாப். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரை அதில்தான் கற்றுக்கொண்டேன். கிளம்பும்போது எல்லாம் வெண்ணெய் மாதிரி போகும். மே மாதம், ஏசி இல்லாத அறை, மும்பையின் 27-ஆம் ஓடுபாதைக்கு நேராக காட்கோபர் பக்கம் இறங்கும்போது படம் திக்கித் திக்கி வரும். சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைப் போட்டால் ஃப்ரேம் கணக்கைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று திரையின் ஓரத்தில் வரும். அதில் ‘மெயின் த்ரெட்’ என்று சிவப்பில் நின்றால் மாட்டிக்கொண்டிருப்பது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று அர்த்தம். எனக்கு இறங்கும்போதெல்லாம் அதுதான் நின்றது. பிராசஸரின் சூடு 95 டிகிரியைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய நகரத்தின் மேலே நிற்கும்போது அப்படிக் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஃப்ரேம் ரேட்டை 30-க்கு மேல் போகாமல் கட்டினேன். விமானம் ஓட்டுவதற்கு சீரான 30 போதும். 55-க்கும் 22-க்கும் இடையே ஊசலாடுவதுதான் கண்ணையும் கையையும் கெடுக்கும். தரையை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்று சொல்லும் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லை 200-லிருந்து 100-க்கு இறக்கினேன். காக்பிட் திரைகளின் ரெஃப்ரெஷ் ரேட்டை மீடியத்தில் வைத்தேன். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 ஆக மாற்றினேன். அந்த ஒரு சதவீதத்தில் டர்போ வேகம் நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். கேட்டால் நம்ப முடியாது, ஆனால் வேகத்தைக் குறைத்த பிறகு இறக்கம் முன்பைவிடச் சீராக வந்தது. லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி அடியில் காற்று போக வழி விட்டதும் நல்ல பலன் தந்தது. கூலிங் பேட் அளவுக்கே!

இப்போது வீட்டில் டெஸ்க்டாப். சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்தது. பிராசஸர் ரைஸன் 7 5800எக்ஸ்3டி. இதில் 96 எம்பி எல்3 கேஷ் மெமரி இருக்கிறது. சிமுலேட்டர் அடிக்கடி தேடும் தகவலுக்காக ஒவ்வொரு தடவையும் ரேமுக்குப் போய்வர வேண்டாம், பிராசஸருக்குள்ளேயே கிடைத்துவிடும். ஃபிளைட் சிமுலேட்டர் அளவுக்கு இந்தக் கேஷால் பலன் அடைகிற மென்பொருள் குறைவு. அதே மும்பை, அதே ஏ320, டெரெய்ன் அளவை மறுபடி 200-க்கு ஏற்றியும் இறங்கும்போது ஃப்ரேம் அசையவில்லை. மின்விசிறியின் இரைச்சல் இல்லாததால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்கிறேன். இப்படிப் பெரிய கேஷ் உள்ள எக்ஸ்3டி பிராசஸர் லேப்டாப்பிலும் வருகிறது, ஆனால் விலை உச்சியில் இருக்கும் சில மாடல்களில் மட்டும்.

வாங்கப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கிராபிக்ஸ் கார்டின் பெயர். டெஸ்க்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப்பில் அதே பெயரில் வருவது 8 ஜிபி, அதிகபட்சமே 140 வாட்தான். 4090-ஐ எடுத்தால் டெஸ்க்டாப்பில் 24 ஜிபி, லேப்டாப்பில் 16 ஜிபி. பெயர் ஒன்று, சரக்கு வேறு. போதாததற்கு, லேப்டாப் கார்டுக்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறார். கடையில் “4060 இருக்கு சார்” என்று சொன்னால், “எத்தனை வாட் டிஜிபி?” என்று கேளுங்கள். கார்டுக்குக் கொடுக்கும் அந்த வாட் அளவுக்குத்தான் டிஜிபி என்று பெயர். விற்பவருக்குத் தெரியாவிட்டால் அந்த மாடலின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். லேப்டாப்பில் சந்தோஷமாக ஓட்டுபவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

*

கப்பலில் வேலை பார்க்கும் நண்பர்:

அண்ணா, நான் மரைன் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில். எனக்கு லேப்டாப்பை விட்டால் வேறு வழியே கிடையாது. ஆனால் என் கதையில் முக்கியமானது மெஷின் இல்லை, எந்த சிமுலேட்டர் என்பது.

மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்பு உலகத்தையே இணையத்தில் இருந்து இழுத்துக் காட்டுகிறது. டிஸ்க்கில் அது கேட்கும் இடம் 50 ஜிபிதான், மீதி எல்லாம் பறக்கப் பறக்க வருகிறது. கப்பலின் சாட்டிலைட் இணைப்பில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டாலே பெரிய விஷயம், அதில் இது ஆகாது. அதனால் நான் ஓட்டுவது எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டர். ஊரில் இருக்கும்போதே வேண்டிய கண்டங்களின் சீனரியை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்வேன். தரை அந்த அளவுக்கு அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமானம் காற்றில் நடந்துகொள்ளும் விதம் எனக்கு இதில்தான் பிடித்திருக்கிறது. எடை குறைந்த விமானத்தைக் குறுக்குக்காற்றில் இறக்கிப் பாருங்கள், புரியும்.

கேபினில் இருப்பது ஒரு சின்ன மேசை. யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி), பெடல் எதுவும் கொண்டுபோக முடியாது. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ ஜாய்ஸ்டிக் மட்டும் பெட்டிக்குள் போகும். குச்சியைத் திருகினாலே ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பகுதி) வேலை செய்வதால் பெடல் இல்லாத குறை பாதி தீர்ந்துவிடுகிறது. மேசையில் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் மேட். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது சிமுலேட்டரைத் திறக்காதீர்கள். கப்பல் இடப்பக்கம் சாய, திரையில் விமானம் வலப்பக்கம் திரும்ப, எனக்குப் பல வருஷமாக வராத குமட்டல் வந்துவிட்டது. நங்கூரம் போட்டு நிற்கும் ராத்திரிகள்தான் எனக்குப் பறக்கும் நேரம்.

லீவில் தூத்துக்குடி வந்தால் அதே லேப்டாப்பை டிவியில் மாட்டிக்கொள்கிறேன். டெஸ்க்டாப் ஒன்று அசெம்பிள் செய்து வைத்தால் நான் இல்லாத மாதங்களில் அது தூசிதான் பிடிக்கும்.

*

பைலட் பயிற்சியில் இருக்கும் தங்கை:

எல்லாருக்கும் வணக்கம். சிபிஎல், அதாவது வணிக பைலட் உரிமத்துக்கான பயிற்சியில் இருக்கிறேன். வீட்டு சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்கும் 200 மணி நேரப் பறப்பில் ஒரு நிமிடம்கூடச் சேராது. அதைத் தெரிந்துகொண்டுதான் உட்காருகிறேன். எனக்கு இது நடைமுறைகளை மனப்பாடம் ஆக்கும் இடம்.

என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டாப். செஸ்னா 172 என்ற சின்ன விமானம், சின்ன ஏர்ஃபீல்டு, பயிற்சிக்கு இது தாராளம். 55 நாட் (knot) வேகத்தில் மூக்கைத் தூக்கு, இறக்கையின் பின்பக்க ஃபிளாப்பை முழுக்க இறக்கி 65-க்குப் பக்கத்தில் வேகத்தைப் பிடித்து இறங்கு, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல். இதற்கு ஊர் அழகாகத் தெரிய வேண்டியதே இல்லை. ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலைப் பிடித்து இறங்கும் முறை) பயிற்சியில் நான் வேண்டுமென்றே மேகத்தைப் போட்டுவிடுவேன், வெளியே ஒன்றும் தெரியாது, லேப்டாப்புக்கும் வேலை குறைவு.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு பழைய மானிட்டர். 15 அங்குலத் திரையில் முழு காக்பிட்டையும் வைத்தால் ஜி1000 என்ற காக்பிட் திரையின் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. வலது ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு அந்த ஜி1000 திரையை கிளிக் செய்தால் அது தனி விண்டோவாகப் பிரிந்து வரும். அதை லேப்டாப் திரையில் போட்டுவிட்டு, வெளிக்காட்சியை மானிட்டரில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ரொம்ப ஓட்டிவிட்டு நிஜ விமானத்துக்கு வருகிறவர்கள் வெளியே பார்க்காமல் மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் சொல்வார். அப்படிப் பார்த்தால் உடனே அட்டையை வைத்து பேனலை மறைத்துவிடுவார். அதனால் வீட்டிலும் விஷுவல் சர்க்யூட் (வெளியே பார்த்தபடி ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது) பயிற்சியின்போது ஜி1000 விண்டோவை மூடிவிட்டு அடிவானத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறேன். எந்த மெஷின் வாங்கினாலும் மிச்சம் பிடித்து ரடர் பெடல் வாங்குங்கள். குறுக்குக்காற்றில் கால் வேலை செய்யாவிட்டால் எதுவுமே செய்ய முடியாது.

*

ஓர் அப்பாவின் கேள்வி:

பையன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் ஹாஸ்டலுக்குப் போகிறான். ஃபிளைட் சிமுலேட்டர் என்றால் உயிர். படிப்புக்கும் அதற்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்க முடியும். என்ன வாங்கலாம் சார்?

*

முதலில் எழுதியவர்:

சார், ஹாஸ்டல் என்றால் லேப்டாப்தான், யோசிக்கவே வேண்டாம். நான்கு வருஷத்தில் எத்தனை அறை மாறுவான் என்று யாருக்குத் தெரியும். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ரேம் மதர்போர்டில் ஒட்டியே வருகிறதா, கழற்றி மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். 2024 பதிப்புக்கு 16 ஜிபி குறைந்தபட்சம், 32 பரிந்துரை. இப்போது 16 வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். கிராபிக்ஸ் மெமரி 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. எஸ்எஸ்டிக்கு இரண்டாவது ஸ்லாட் இருந்தால் நல்லது. 2020 பதிப்புக்கு மட்டுமே 150 ஜிபி போகும். ரொம்ப மெல்லிய மாடலை அழகுக்காக எடுக்காதீர்கள். காற்று போக இடம் இல்லாத உடம்பில் எந்தக் கார்டும் முழு வேகத்தில் ஓடாது.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாம் என்று பையன் நினைப்பான். பேட்டரியில் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும், படம் தவழும். ஆனால் கரண்ட் போனால் லேப்டாப் அணையாது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். டெஸ்க்டாப்பில் இந்த வசதிக்கு யுபிஎஸ் வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைக்கும்தான் தாங்கும். நல்ல கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும், யுபிஎஸ் கூவிவிட்டு அணைந்துவிடும். டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் 600 வாட் தாங்குகிற யுபிஎஸ்ஸையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் தம்பி சொன்ன எக்ஸ்-பிளேன் யோசனை ஹாஸ்டலுக்கும் பொருந்தும். பல ஹாஸ்டல் வைஃபையில் 2024 பதிப்பை ஓட்டுவது கஷ்டம். குறைந்தபட்சமே 10 எம்பிபிஎஸ் கேட்கிறது, பரிந்துரை 50.

யோக், திராட்டில் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி), பெடல் என்று மாட்ட ஆரம்பித்தால் லேப்டாப்பின் யுஎஸ்பி துளைகள் போதாது. தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட பயணத்தில் தொடாமல் கிடக்கும் திராட்டிலை விண்டோஸ் தூங்க வைத்துவிடும், இறங்கும் நேரத்தில் இழுத்தால் இன்ஜின் அசையாது.

பெடல் விஷயத்தில் தங்கை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். படிப்பு முடிந்து வேலைக்குப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்ததும் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யட்டும். அன்றைக்கும் அதே பெடலும் யோக்கும் அதில் மாட்டி ஓடும்.