சென்னை – புதுச்சேரி வழியில் வீல்சேர், கைத்தடி, குழந்தையோடு நடக்கத் தோதான இடங்கள்?

உப்புக்காற்று கேட்டது:

ஜனவரி கடைசி வாரம் இரண்டு நாள் பயணம், சொந்தக் கார், சென்னையிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்ப வேண்டும். மடக்கு வீல்சேரில் ஒருவர் (பின்னால் ஆள் தள்ள வேண்டும்), முழங்கால் அறுவை முடிந்து கைத்தடியோடு நடப்பவர் ஒருவர், மூன்று வயதுக் குழந்தை ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போதும். கடலோரம் ஒன்று, ஏரியோ வயலோ ஒன்று பார்த்தால் திருப்தி. யாரைக் கேட்டாலும் "எல்லாம் சமதளம்தான், தாராளமா போலாம்" என்கிறார்கள். படி எங்கே, மணல் எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அலையாத்தி:

போகும்போது ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வேண்டாம். செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பி வேடந்தாங்கல், அப்புறம் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. திரும்பும்போது ஈ.சி.ஆர்.

புதுச்சேரி கடற்கரைச் சாலைதான் உங்கள் மூவருக்கும் பொருத்தம், ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டி ஓடாது. அப்போது கடல் பக்கத்து நடைமேடையில் ஏற வேண்டிய அவசியமே இல்லை, தார்ச்சாலை நடுவிலேயே தள்ளிக்கொண்டு போகலாம். பகலில் போனால் நடைமேடைதான் கதி; அங்கே விளிம்புக்கல்லில் ஏற்றி இறக்குவதிலேயே தள்ளுகிறவர் களைத்துவிடுவார். ஜனவரியில் விடிவதே ஆறரைக்கு. ஆக, காலை வெளிச்சத்தில் வண்டியில்லாத சாலை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ஆறேகாலுக்கு அங்கே நில்லுங்கள்.

முழு நீளமும் ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். காந்தி சிலையை நடுவாக வைத்துக்கொண்டு வடக்கே பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம் வரை போய்த் திரும்பினால் உங்கள் கணக்குக்குச் சரி. 1836-இல் கட்டிய விளக்கம் அது. சிலை மேடைக்குப் படி உண்டு. கீழே நின்றாலே சுற்றியுள்ள கல்தூண்கள் (செஞ்சியிலிருந்து வந்தவை) நன்றாகத் தெரியும்.

கடல் பக்கம் முழுக்கக் கருங்கல் குவியல். குழந்தை கையை விட்டுவிடாதீர்கள், கல் பாசி பிடித்து வழுக்கும். தெற்கே துறைமுக முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் வந்தபிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. ஊர் பக்கம் கரை அரித்துக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. பின்னால் கடலுக்கடியில் தடுப்பு அமைத்ததில் தலைமைச் செயலகம் எதிரே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. குழந்தை மணலில் விளையாட அந்த இடம்தான்.

பின்சக்கரம்:

மெரினாவில் வீல்சேருக்கென்று போட்ட மரப்பாதையைச் சேர்த்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் திறந்தது, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், விவேகானந்தர் இல்லம் பக்கம். இரண்டு வீல்சேர் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயலில் கடல் முனை உடைந்து, பிறகு சரிசெய்தார்கள். புயல், பலத்த காற்றுக்குப் பிறகு போகிறவர்கள் முதலில் ஒரு ஆளைக் கடைசி வரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பலகை நன்றாக இருந்தாலும் மேலே மணல் படர்ந்திருக்கும். இரண்டு விரல்கடை மணல் போதும், முன்சக்கரம் நின்றுவிடும்.

மணலில் மாட்டிக்கொண்டால் முன்னால் தள்ளாதீர்கள். முன்சக்கரம் சின்னது, தள்ளத் தள்ள மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். நாற்காலியைத் திருப்பி, லேசாகப் பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் எடை விழும்படி பின்னோக்கி இழுங்கள். பலகை இடுக்குகளைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். கோணலாகப் போனால் முன்சக்கரம் இடுக்கில் திரும்பி மாட்டும். கைத்தடிக்காரரும் நுனியை இடுக்கில் ஊன்றாமல் பலகை நடுவில் ஊன்றட்டும்.

விளிம்புக்கல் ஏறும்போது நேராக நிறுத்தி, பின்னால் உள்ள மிதிகம்பியை மிதித்து முன்சக்கரத்தைத் தூக்கி மேலே வையுங்கள். பெரிய சக்கரம் கல்லைத் தொடும்வரை தள்ளிவிட்டு, அதன்பிறகு தூக்கித் தள்ளுங்கள். இறங்கும்போது எப்போதும் பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில்.

காணும் பொங்கல் அன்று மெரினா பக்கமே போகக் கூடாது. உங்கள் தேதி அதற்குப் பிறகு என்பதால் தப்பித்தீர்கள்.

ஏரிக்கரை:

வேடந்தாங்கலுக்கு ஜனவரி நல்ல மாதம். பார்வையாளர் பாதை ஏரிக்கரை மேலேயே போகிறது, அதனால் பறவை பார்க்கக் காவற்கோபுரம் ஏற வேண்டாம். கோபுரம் முழுக்கப் படி. கரையிலிருந்தே தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் கூட்டோடு தெரியும். மரத்தடியில் வெள்ளையடித்தது போலிருப்பது எச்சம். அது கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டைக்கு விடுவதில்லை.

கரைமேல் ஏறும் சரிவுதான் அங்கே கொஞ்சம் சிரமம். இந்தச் சரிவு விஷயத்தில் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். சிலர் டிக்கியில் நாலடிப் பலகை போட்டுக்கொண்டு வருவார்கள். அது நாலு அங்குல உயரத்துக்குத்தான் ஆகும். அரையடிப் படி இரண்டின் மேல் அதைச் சாய்த்தால் நாற்காலி பின்னால் கவிழும். அதைவிட, படிக்கு முதுகு காட்டி நிறுத்தி, மேலே ஒருவர் கைப்பிடியை இழுக்க, கீழே ஒருவர் சட்டத்தைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றலாம். கால்மிதியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கையோடு கழன்று வந்துவிடும்.

உப்புக்காற்று:

இதுதான் வேண்டியிருந்தது, நன்றி. முழங்கால்காரருக்கு எதையாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா? திரும்பும் வழியில் மாமல்லபுரம் நிறுத்தலாமா?

அலையாத்தி:

கைத்தடி அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் அதே பக்கம் பிடிக்கிறார்கள், எடை முழுக்க அந்தக் காலிலேயே விழுகிறது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் அறுவைக்காலும் முதலில். அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள்; வரிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தால் கிளம்புமுன் மருந்துக்கடையில் புதிது வாங்கி மாட்டுங்கள். ஈரக் கருங்கல்லில் தேய்ந்த ரப்பர் சறுக்கும்.

மாமல்லபுரத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்க வேண்டாம். அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பம் சாலையோரமே இருக்கிறது, ஒரு படிகூட ஏறாமல் முழுசாகப் பார்க்கலாம். வெண்ணெய் உருண்டை என்ற பெரிய உருண்டைப் பாறைக்கும் அப்படியே: பாறைச் சரிவில் ஏறாமல் கீழேயிருந்து பார்த்தால் போதும். கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்து பாவிய பாதை உண்டு. சன்னிதிப் பக்கம் போனால்தான் படி. ஐந்து ரதத்தை விட்டுவிடுங்கள், ரதங்களைச் சுற்றி உதிர்மணல்.

பின்சக்கரம்:

ஐந்து ரதத்தை முழுசாக விட வேண்டாம். மணல் தொடங்கும் இடத்தில் வீல்சேரை நிறுத்தி இரண்டு பக்கமும் பிரேக் போட்டுவிட்டால், அங்கிருந்தே ரதங்கள் வரிசையாகத் தெரியும். ஒருவர் கூடவே இருந்தால் மற்றவர்கள் குழந்தையை அங்குள்ள கல் யானைக்குக் கிட்டே கூட்டிப் போய் வரலாம். பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் கல் சுடும்.