தோட்டத்தில் தானாக வந்த பூச்செடியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மல்லிகைப் பாத்திக்கு ஓரமாக நான் நடாத செடி ஒன்று வந்து நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை, ஊதா நிறத்தில் புனல் போலப் பூ. வெயில் காலத்தில் தண்டோடு காய்ந்து போனது. மழை பெய்ததும் அதே இடத்தில் மறுபடி தளிர்விட்டது. அடியில் கிழங்கோ தடித்த வேரோ இருக்கிறது, இது பல்லாண்டுச் செடி என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

பூவைப் படம் எடுத்துச் செயலியில் போட்டால் பெட்டூனியா என்று வந்தது. பூவை மட்டும் காட்டினால் அப்படித்தான் வரும். பெட்டூனியா இலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும், இதில் அது இல்லை. இலைகள் கணுவுக்குக் கணு எதிரெதிராக இருந்தன, ஓரம் லேசாக நெளிந்திருந்தது. காலையில் விரிந்த பூ மதியத்துக்குள் உதிர்ந்துவிடும்.

முடிவாகச் சொன்னது காய்தான். விரல் கணு நீளத்துக்குக் கூர்மையாக, காய்ந்ததும் பழுப்பாகிவிடும். ஒன்றை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது, பிறகு ‘டப்’ என்று இரண்டாகப் பிளந்து விதைகளை விசிறியடித்தது. தட்டையான சின்ன விதைகள். ஈரம் பட்டதும் வழவழப்பாகிக் கையிலேயே ஒட்டிக்கொண்டன. பட்டாசுக்காய்ச் செடி, தாவரவியல் பெயர் ருவெல்லியா டியூபரோசா. பெட்டூனியா கத்தரி, தக்காளியின் குடும்பம். இது ஆடாதோடை, கனகாம்பரத்தின் குடும்பம். இதன் இனத்திலேயே ருவெல்லியா சிம்ப்ளெக்ஸ் என்றொரு செடி உண்டு, பூ கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அதன் இலை ஈட்டி மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கும்.

உங்கள் தோட்டத்தில் இப்படி வந்தவற்றையும் சொல்லுங்கள்.

* * *

எங்கள் வேலியோரம் வந்தது செங்காந்தள். அதற்குப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலையின் நுனியைப் பாருங்கள், சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறும் செடிகள் தோட்டத்தில் அதிகம் கிடையாது. பூ முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் பின்னால் மடங்கிச் சிவப்பேறும்.

அழகுக்காக வைத்திருக்கிறோம், ஆனால் குழந்தைகள் எட்டாத இடத்தில். செடி முழுக்கக் கால்சிசின் என்ற நஞ்சு உண்டு, கிழங்கில் நிறைய. அதை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத செடியின் கிழங்கை, இலையை யாரும் ருசி பார்க்காதீர்கள். தயவுசெய்து!

* * *

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். என் அனுபவம் சின்னதுதான். வெள்ளைப் பூ, ஐந்து இதழ், மெல்லிய குழல். ஏதோ காட்டு மல்லி என்றார்கள் வீட்டில். பூவுக்குக் கீழே உள்ள பச்சைப் புல்லிவட்டத்தைத் தொட்டதும் பசை மாதிரி ஒட்டியது. உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை போல நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. மல்லிகையில் அது கிடையாது. சித்திரமூலம், வெண்கொடிவேலி என்றும் சொல்வார்கள். இதன் வேர்ச்சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும், தோண்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். படம் போடுகிறவர்கள் பூவை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். புல்லிவட்டம் பக்கவாட்டில்தான் தெரியும். இலை தண்டில் சேரும் கணு, இலையின் அடிப்பக்கம், காய் இருந்தால் காய், இவையும் வேண்டும். கிள்ளினால் பால் வருகிறதா, தண்டு உருண்டையா சதுரமா என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு பதிலிலேயே பல குடும்பங்கள் கழிந்துவிடும். பால் வந்தால் கண்ணில் படாமல் கையை உடனே கழுவிவிடுங்கள்.

பட்டாசுக்காயை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. காய் பழுப்பாகும் முன்பே கிள்ளிவிட்டால் பாத்தி முழுக்கப் பரவாது.