பழைய ஜக் நான்கு: சாப்பாட்டு மேசைக்கு எதை எடுக்கலாம்? கொஞ்சம் அவசரம்

வெண்தாழை:
வணக்கம். தெரிந்தவர் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார். பழைய ஜக் நான்கும் பரிமாறும் தட்டு ஒன்றும் இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறார். நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒன்று பச்சை இலை வடிவப் பீங்கான், ஒன்று வெள்ளி, இரண்டு கண்ணாடி. எல்லாமே அழகாக இருக்கின்றன. எதை எடுக்கலாம்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மரக்கரண்டி:
மேசையில் வைத்து ஊற்றவா, அலமாரியில் வைத்துப் பார்க்கவா? ஊற்றுவதென்றால் எதை ஊற்றுவீர்கள்: தண்ணீரா, புளிப்பானதா, சூடானதா? இதைச் சொன்னால்தான் மற்றதைப் பேச முடியும். ஜக்குகளைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

உலைக்களம்:
வெள்ளி, கண்ணாடி என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த மாதிரிக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, குறையும் அதேதான். முத்திரை, எடை, கைப்பிடி பொருத்தியிருக்கும் விதம், விரிசல் உண்டா இல்லையா, எல்லாம் எழுதிவிட்டுக் கேளுங்கள். முத்திரை பார்க்கத் தெரியாதவர் பழைய பொருளில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

நீலப்பீங்கான்:
பச்சை இலை என்றதும் எனக்கு மஜோலிகாதான், அதாவது பளிச்சென்ற வண்ண மெருகு பூசிய பழைய பீங்கான் வகைதான், நினைவுக்கு வருகிறது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் மின்டன் நிறுவனம் அதைக் காட்சிக்கு வைத்தது. அதற்குப் பிறகு பல தொழிற்சாலைகள் இலை, சோளக்கதிர், மீன் என்று விதவிதமான வடிவங்களில் ஜக் செய்து தள்ளின. அந்த நிறம் அப்படி ஈரமாக மின்னுவதற்குக் காரணம் மெருகில் இருக்கும் காரீயம். மஜோலிகா எனக்கு உயிர். ஆனால் குடிக்கும் எதையும் அதில் ஊற்ற மாட்டேன். பூ வைக்க அதைப் போல் அழகான ஜக் வேறு இல்லை. தயங்காமல் எடுங்கள்.

மரக்கரண்டி:
படத்தையே பார்க்காமல் மஜோலிகா என்று முடிவு கட்டலாமா? பச்சை இலை ஜக் நேற்றும் செய்திருப்பார்கள்.

நீலப்பீங்கான்:
சரி, முடிவு கட்டவில்லை. ஆனால் எந்தக் காலத்துப் பீங்கான் என்று தெரியாதவரை எச்சரிக்கை ஒன்றுதான்.

தாமிரா:
அந்த எச்சரிக்கை நியாயமானது. பீங்கானிலிருந்து எவ்வளவு காரீயம் கசியலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வரம்பு வைத்திருக்கிறது. 4% அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்து அளப்பார்கள். தட்டையான தட்டுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை விடுகிறார்கள். ஜக்குக்கு 0.5 மில்லிகிராம்தான். சாறு மணிக்கணக்கில் ஜக்கிலேயே கிடக்கும் என்பதால் இந்தக் கண்டிப்பு. பழைய ஜக்குகள் இந்தச் சோதனையெல்லாம் வருவதற்கு முன்பே சூளையை விட்டு வந்தவை. வீட்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சியை நம்பிச் சாறு ஊற்றாதீர்கள். குறைந்த அளவுக் கசிவை அது தவறவிடும். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

வெண்தாழை:
மேசையில் பயன்படுத்தத்தான். தண்ணீர், எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். வெள்ளி ஜக்கின் அடியில் ஷெஃபீல்ட் என்று இருக்கிறது, பக்கத்தில் மங்கிய எழுத்துகள். விளிம்பு தேய்ந்த இடத்தில் சிவப்பாகத் தெரிகிறது. படம் ஏற மாட்டேன் என்கிறது.

எட்டாம்படி:
சிவப்பு தெரிகிறதா! அப்படியானால் அது பழைய ஷெஃபீல்ட் ப்ளேட். 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த முறை. செம்பின் மேல் வெள்ளித் தகட்டை வைத்து, சூட்டில் ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்துத் தகடாக உருட்டுவார்கள். தேயத் தேய உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். மற்றதை விடுங்கள், இதை முதலில் எடுங்கள்.

உலைக்களம்:
சிவப்பைக் கண்டதும் 1743-க்குப் போய்விடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. ஷெஃபீல்ட் என்பது ஊர்ப் பெயர். அந்த ஊரில் மின்சாரம் பாய்ச்சி வெள்ளி ஏற்றிய, அதாவது மின்முலாம் பூசிய பொருள்களிலும் அதே பெயரை அடித்திருக்கிறார்கள். 1840-இல் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, பழைய முறை சில பத்தாண்டுகளில் ஒதுங்கிவிட்டது. செம்பின் மேலும் மின்முலாம் பூசுவார்கள். அதுவும் தேய்ந்தால் சிவப்புத்தான்.

சோதிக்கும் வழி இது. உண்மையான பழைய ப்ளேட்டில் தகட்டை வளைத்துச் சேர்த்த தையல் கோடு உடம்பில் எங்காவது இருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் மூச்சுக்காற்றை ஊதிப் பாருங்கள், மங்கலில் கோடு தெரியும். மின்முலாம் என்றால் பாத்திரத்தைச் செய்து முடித்த பிறகு மொத்தமாகப் பூசுவதால் கோடு மறைந்துவிடும். மங்கிய எழுத்துகளில் ஈ.பி. (எலக்ட்ரோ ப்ளேட்) என்று தொடங்கினால் பேச்சே வேண்டாம், மின்முலாம்தான். ஈ.பி.என்.எஸ். என்பதில் அடியில் இருக்கும் உலோகம் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளி துளியும் இல்லை.

எட்டாம்படி:
தையல் கோடு பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் எந்தக் காலத்து ஜக்காக இருந்தாலும் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால் மேசைக்கே ஒரு களை வரும். கறுத்துக் கிடக்கும் வெள்ளியில் யார் தண்ணீர் குடிப்பார்கள்?

தாமிரா:
தயவுசெய்து அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே செம்பு தெரியும் அளவுக்கு முலாம் மெலிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மெருகுப் பசையால் தேய்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் வெள்ளி போகும். கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு, அழுக்கு அல்ல. சூடான நீரில் சமையல் சோடா கலந்து, அலுமினியத் தாள் மேல் வைத்தால், வெள்ளியைச் சுரண்டாமலேயே கறுப்பு போகும்.

உலைக்களம்:
அதையும் கண்டபடி செய்யக் கூடாது. வேலைப்பாட்டின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு வேண்டுமென்றே விடப்பட்டது. சோடாத் தண்ணீர் அதையும் சேர்த்து வெளுத்துவிடும், ஜக் தட்டையாகத் தெரியும். துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் போதும்.

எட்டாம்படி:
முதலில் சொன்னது தேய்க்காதே, இப்போது வெளுக்காதே. பிறகு எப்படித்தான் வைத்துக்கொள்வது? வீட்டில் புழங்குகிற பொருளை அருங்காட்சியகப் பொருள் மாதிரி நடத்தச் சொல்கிறீர்கள்.

தாமிரா:
புழங்குங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். தினமும் எடுத்துக் கழுவித் துடைக்கிற வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. பூட்டி வைத்துவிட்டு விருந்து வரும்போது மட்டும் எடுத்துத் தேய்ப்பதால்தான் முலாம் போகிறது.

மரக்கரண்டி:
கேள்வி கேட்டவரை மறந்துவிட்டோம். வெண்தாழை, வெளியே செம்பு தெரிந்தால் உள்ளேயும் பாருங்கள். உட்புறம் செம்பு வெளிப்பட்டிருந்தால் எலுமிச்சைச் சாறு வேண்டாம், புளிப்பு செம்பைக் கரைக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி அன்றே கவிழ்த்துவிடலாம்.

நீங்கள் சொன்ன பயன்பாட்டுக்குக் கண்ணாடிதான் பொருத்தம். இரண்டில் எது என்பதற்கு வயதைப் பார்க்காதீர்கள், ஊற்றிப் பாருங்கள். அவர் வீட்டிலேயே முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி ஒரு கையால் தூக்குங்கள். 2 லிட்டர் ஜக் என்றால் தண்ணீரே ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கண்ணாடியின் எடை. மேசைக்குக் குறுக்கே நீட்டி ஊற்றும்போது மணிக்கட்டு நடுங்கினால் அந்த ஜக் அலமாரியிலேயே நின்றுவிடும். ஊற்றி நிறுத்தியதும் மூக்கின் கீழே தண்ணீர் வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேசை விரிப்பு நனைந்துகொண்டே இருக்கும். கை உள்ளே போகிறதா? போகாவிட்டால் கழுவ முடியாது. கைப்பிடி உடம்பில் சேரும் இரண்டு இடங்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நகத்தாலும் தடவுங்கள். கண்ணாடி ஜக் உடைவது பெரும்பாலும் அங்கேதான். மூக்கில் உள்பக்கம் மடிந்த உதடு இருந்தால் நல்லது, ஐஸ் கட்டி தம்ளரில் விழாமல் தடுக்க அப்படிச் செய்தது.

ஒன்று மட்டும் வழக்கத்துக்கு மீறிக் கனமாக, வெட்டு வேலைப்பாட்டோடு இருந்து, சுண்டினால் நீளமாக மணியோசை கேட்டால், காரீயக் கண்ணாடியாக இருக்கலாம். அந்த வகையில் 24 சதவீதம், அதற்கு மேலும் காரீய ஆக்சைடு இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிப் பரிமாறலாம், சாற்றை இரவு முழுக்க வைக்கக் கூடாது.

வெண்தாழை:
ஒன்று கனம், சுண்டினால் நன்றாக ஒலிக்கிறது. இன்னொன்று லேசு, பக்கவாட்டில் அச்சுக்கோடு தெரிகிறது. தட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே? வெள்ளைத் தட்டு, நீலப் படம், மேலே மயிர்க்கோடு மாதிரி நிறைய.

நீலப்பீங்கான்:
மெருகு மட்டும் வெடித்திருக்கலாம். விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டுங்கள். ஓசை தெளிவாக இருந்தால் உடம்பு முழுசு. பொத்தென்று கேட்டால் விரிசல் உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் கோடுகளில் எண்ணெயும் ஈரமும் புகுந்து தங்கும். எனவே உலர்ந்தவற்றை மட்டும் வையுங்கள், இல்லையென்றால் மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்துப் பரிமாறுங்கள். பழுப்பு இறங்கியிருந்தால் குளோரின் வெளுப்பானைத் தொடாதீர்கள், மெருகு உரிந்துவிடும்.

உலைக்களம்:
படம் இல்லாமல் இத்தனை பதில்கள். கனமான கண்ணாடி ஜக்கின் அடியில் நடுவே வழவழப்பாகத் தேய்த்த வட்டக் குழி இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். இருந்தால் ஊதிச் செய்தது, அதை விடாதீர்கள்.

வெண்தாழை:
லேசான கண்ணாடி ஜக்கையும் தட்டையும் எடுத்துக்கொண்டேன். ஊற்றிப் பார்த்தேன், வழியவில்லை. எல்லாருக்கும் நன்றி.

உலைக்களம்:
கனமானதன் அடியில் குழி இருந்ததா?

எட்டாம்படி:
வெள்ளி ஜக்கில் தையல் கோடு தெரிந்ததா என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை என்றால் நேரம் இருக்கிறது.