புதுப்பிப்பு: பித்தளைச் சொம்பு சரியாகிவிட்டது

பிளெண்டர் என்ற முப்பரிமாண (3D) மென்பொருளில் செய்த பித்தளைச் சொம்பு ஏன் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா, விடை கிடைத்துவிட்டது. சிலர் சாம்பிளை, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியை எத்தனை முறை கணக்கிடுவது என்ற எண்ணை, 4096-க்கு ஏற்றச் சொன்னார்கள், அது புள்ளிப்புள்ளியாக வரும் இரைச்சலைத்தான் குறைக்கும், இரைச்சலைத் துடைக்கும் டீநாய்சரோடு எனக்கு 256-ஏ போதும். விஷயம் வெளிச்சத்தில் இருக்கிறது. உலோகத்தில் நாம் பார்ப்பது சுற்றியுள்ளவற்றின் பிரதிபலிப்பைத்தான், வெறும் சாம்பல் பின்னணியில் அது எதைக் காட்டும்? பக்கவாட்டில் பெரிய ஏரியா லைட் (பலகை போல் பரந்த விளக்கு), எதிரே ஒரு கறுப்புப் பலகை, அவ்வளவுதான், சொம்பின் வளைவில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி ஓடியதும் பித்தளையாகிவிட்டது. பொருள் எவ்வளவு உலோகம் என்று சொல்லும் மெட்டாலிக் அளவு 1, பாதியில் நிறுத்தாதீர்கள். அப்புறம் ரஃப்னஸை (பரப்பின் சொரசொரப்பை) நாய்ஸ் டெக்ஸ்சர் என்ற ஒழுங்கற்ற திட்டு வடிவத்தை வைத்து 0.15-இலிருந்து 0.35 வரை மாறவிட்டால் புழங்கிய பாத்திரத்தின் மங்கல் வரும். வாய் விளிம்புக்குக் கொஞ்சம் பெவல் (கூர்முனையை மழுக்குவது) கட்டாயம், இல்லாவிட்டால் அங்கே ஒளிக்கோடே விழாது.