கோழி ஜீனோம்ல ஜிசி கணக்கு இடிக்குது, உதவுங்க

வணக்கம் மக்களே. காட்பாடியில எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்றேன். கோழி ஜீனோமை (முழு டிஎன்ஏ வரிசை) 10 கிலோபேஸ், அதாவது 10,000 எழுத்து நீள விண்டோவா (துண்டா) வெட்டி, பெட்டூல்ஸ்ங்கிற சாஃப்ட்வேரோட 'நியூக்' கட்டளை போட்டு ஜிசி சதவீதம் (ஜி, சி எழுத்துகளோட பங்கு) எடுத்தேன். பெரிய குரோமோசோம்ல ஒழுங்கா வருது. மைக்ரோகுரோமோசோம்லதான் (ரொம்பச் சின்ன குரோமோசோம்) சிக்கல். அங்க ஜிசி தூக்கலா இருக்கணும். எனக்கோ சில விண்டோ 20 சதவீதத்துக்கும் கீழ. திறந்து பார்த்தா வரிவரியா வெறும் 'என்' எழுத்து (வரிசை தெரியாத இடம்)! அந்த இடைவெளியையும் நீளத்துல சேர்த்துத்தான் டூல் வகுக்குது. கழிச்சுட்டு வகுக்கலாமா, இல்ல அந்த விண்டோவையே தூக்கிடணுமா?

அப்புறம் ரிப்பீட்மாஸ்கர் (ஜீனோம்ல திரும்பத் திரும்ப வர்ற பகுதியை, அதாவது ரிப்பீட்டை, அடையாளம் காட்டுற டூல்). 8 ஜிபி லேப்டாப்ல ராத்திரி பூரா ஓடுச்சு, விடியக்காலையில கரண்ட் போச்சு. பேட்டரி எப்பவோ செத்தது. யூசிஎஸ்சி ஜீனோம் தரவுத் தளத்துல ரிப்பீட்டைச் சின்ன எழுத்தா மாத்தி வச்ச ஃபைல் இருக்கே, அதையே எடுத்துக்கலாமா? செஞ்சு பார்த்த அண்ணா, அக்கா யாராவது சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கைடு முன்னாடி நிக்கணும்.